எறியாதே, தள்ளு!

"தடுத்தாலே போதும்" மனிதர்கள் என்றொரு இனம் உண்டு. பந்தைக் கையால் எறிந்தும் சுமந்து ஓடியும் ஆடுகிற அமெரிக்கக் கால்பந்தே மூச்சான எங்கள் பஃபலோ நகரத்தில் வீட்டுக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்கு வாய்த்தவர் மருமகன் கேசிமிர். தங்கமான மனிதர், கேட்காமலே என் கூரையைச் சரிசெய்து கொடுத்தவர். ஆனால் கோழி இறக்கைத் தட்டு காலியானதும் பாருங்கள், எலும்புகளைப் பொறுக்கி மேசையில் சுவர்போல அடுக்கி, இதுதான் தடுப்பாட்டம் என்பார். ஒரு செலரித் தண்டை நடுவே ஓடவிட்டு, இவன்தான் பந்தைச் சுமந்து ஓடுகிறவன் என்பார். பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் எங்கே என்று கேட்டால், ஓரமாகக் கிடக்கிற சாஸ் கிண்ணத்தைக் காட்டுவார். அதுவும் காலிக் கிண்ணம்.

"எறியறவன் சும்மா அலங்காரம், அத்தை. தடுக்கணும், ஓடணும், அவ்வளவுதான். அப்படியே ஜெயிச்ச டீம் இருக்கு, தெரியுமா?"

இருக்கிறது. ஒன்று. அந்த ஒரு பழைய வருஷத்தை இந்த இனம் ஆயுசு முழுக்கச் சொல்லும். மற்ற வருஷங்கள்? அப்போதெல்லாம் காற்று சரியில்லை. நடுவருக்குக் கண் தெரியவில்லை.

பேச்சோடு நின்றிருந்தால் நான் ஏன் வாயைத் திறக்கிறேன்? நவம்பர் கடைசியில் வருகிற நன்றி கூறும் நாள் காலையில், வான்கோழி அடுப்பில் வேகும்போது, எங்கள் தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பந்தாடுவது வழக்கம். தோற்ற பக்கம் ஈஸ்டர் வரை இரண்டு பக்கத்துப் பனியையும் அள்ள வேண்டும். எங்கள் ஊர்ப் பனி என்றால் காரைத் தேடக் கம்பு வேண்டும்.

எங்கள் பக்கத்துக்குத் தலைவர் மருமகன். அவருடைய அக்கா ரொபெர்ட்டாவும் எங்கள் பக்கம்தான். முப்பது வருஷமாக ஓடுகிற காரிலிருந்து வீடு வீடாகச் செய்தித்தாள் வீசுகிறவள். மூன்றாம் படி என்றால் மூன்றாம் படிதான், அங்கே பூனை படுத்திருந்தால் இரண்டாம் படி. அவளை எங்கே நிறுத்தினார் என்கிறீர்கள்? தடுப்புச் சுவரில்!

தடுப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஒன்றரை மணி நேரம் எதிர்ப்பக்கம் ஓரடி நகரவில்லை. நாங்களும் நகரவில்லை. ஒவ்வொரு முறையும் மருமகன் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடுவிலேயே ஓடுவார். எதிராளிகள் ஏழு பேரும் அங்கேயே காத்திருப்பார்கள். ஓடுகிறவனைத் தொட்டால் ஓட்டம் நின்றது, அதுதான் தெருச் சட்டம். எதிர்வீட்டு சால்வதோரே கையிலிருந்த காப்பியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"வா கேஸ், வா. உனக்காகத்தான்யா நிக்கிறேன்."

கடைசியில் சால்வதோரே ஒரு முறை, ஒரே ஒரு முறை, பந்தை உயர எறிந்தான். எங்கள் எல்லைக்கோட்டைத் தாண்டி நின்ற அவன் ஆள் பிடித்துக்கொண்டான். ஆறு–பூஜ்யம்.

எங்களுக்கு ஒரு முயற்சிதான் பாக்கி. அவர்களுடைய எல்லைக்கோடான தூரத்துத் தபால்பெட்டியருகில் என் மகள் லொரெட்டா தனியாக நின்று கையை ஆட்டுகிறாள்.

"டேய், பந்தை என்கிட்ட குடு. உன் பொண்டாட்டி அங்க தனியா நிக்கிறா, பாருடா!" என்று ரொபெர்ட்டா கத்தினாள்.

"அவனுங்க களைச்சுட்டானுங்க அக்கா. இப்பதான் நடுவுல வழி திறக்கும்!"

"திறக்கும், திறக்கும், உன் மண்டை!"

ஓடினார். சால்வதோரே இடக்கையால் தொட்டான். காப்பி சிந்தவில்லை.

ஜனவரியில் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். மற்றவர்கள் பனியை ஷவலால் வாரி ஓரத்தில் வீசுகிறார்கள். மருமகன்? நேராகத் தள்ளிக்கொண்டே வருகிறார். குவியல் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, என் வாசற்கதவில் சுவராக நின்றது. அங்கேயும் முட்டுகிறார்.

"வீசுங்களேன், மாப்பிள்ளை!"

"தடுப்பைப் பாத்தீங்களா அத்தை? மொத்த ஆட்டத்துக்கும் ஆறே பாயிண்ட்தான் விட்டோம்!"

ஈஸ்டர் வரை எனக்குப் பின்வாசல்தான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன வாரம் திறக்காத ஊறுகாய்ப் பாட்டிலை மூன்று தரம் ஒரே மாதிரி திருகிவிட்டு, "இன்னொரு தடவை, இப்ப திறக்கும்" என்றது யார்? பக்கத்தில் நின்றவள் கையை நீட்டினாளே, கொடுத்தீர்களா?