தளபதியின் தங்கைக்குப் பல்வலி

இதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

"சார்! தங்கச்சி பதில் போட்டிருக்கா சார்!"

ஆராய்ச்சிக்கு வந்த அம்மாள் போட்ட கூச்சலில் ஆவணக் காப்பாளரின் மூக்குக்கண்ணாடி நழுவி மடியில் விழுந்தது. அவருடைய கவலை கண்ணாடியைப் பற்றியது அல்ல. அந்தப் பதிலை எழுதியவரே அவர்தான்.

நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு படைத்தளபதியின் சொந்தக் காகிதங்கள், நாற்பத்தொரு பெட்டிகளில், அலுவலகத்தின் அடித்தளத்தில் இருந்தன. காப்பாளரும் அங்கேதான் இருந்தார். மூன்று வருஷமாக அந்த அறையை வேறு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வீட்டிலும் அதே கதைதான். அவரே பூட்டி, அவரே திறந்து, "வந்துட்டியா?" என்று அவரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே காகிதங்களைப் படித்தார். தங்கைக்குத் தளபதி எழுதிய கடிதங்கள் நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் 'என் முந்தின கடிதம் கிடைத்ததா?' என்றே முடிந்தது. பெட்டி பெட்டியாகத் துழாவியும் தங்கையிடமிருந்து ஒரு பதில் இல்லை.

ஒரு மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவும் மனமில்லாமல், ஒரு பழைய தாளை எடுத்து எழுதினார்: 'அண்ணா, கடிதம் கிடைத்தது. பல்வலி. அதனால்தான் தாமதம்.' பதினேழாம் பெட்டியில் செருகிவிட்டு வயிறாரச் சாப்பிட்டார். மறுவாரமே இந்த அம்மாள் வந்து சேர வேண்டுமா?

"இது ஒண்ணுதானா சார்? இன்னும் இருக்குமா?"

உண்மையைச் சொன்னால் வேலை போகும். அதைவிட மோசம், அம்மாள் போய்விடுவாள்.

"தேடினா கிடைக்கும்மா."

கிடைத்தது. மறுநாள் வந்த கடிதத்தில் தங்கையின் பல் பிடுங்கப்பட்டிருந்தது.

"பிடுங்கினது யாரு சார்?"

அடுத்த கடிதத்தில் ஒரு வைத்தியர் வந்தார்.

"நல்ல மனுஷனா?"

வைத்தியர் தங்கையைப் பெண் கேட்டார்.

அம்மாள் தினமும் வந்தாள். பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்தாள். கூடவே இரண்டு கோப்பைகள். காப்பாளர் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார்.

பன்னிரண்டாம் கடிதத்தில் தங்கைக்கு இரட்டைப் பிள்ளை. காப்பாளருக்குக் கை வீங்கிவிட்டது. மாட்டிக்கொள்வோமோ என்ற உதறல் வேறு. தங்கையைத் தீர்த்துக் கட்டிவிடுவது என்று முடிவெடுத்தார். வைத்தியர் எழுதினார்: 'உங்கள் தங்கை காலமானாள்.'

அம்மாள் மேசைமேல் கவிழ்ந்து அழுதாள். "போயிட்டாளே! இனிமே எனக்கு இங்க என்ன சார் வேலை?" என்று பிளாஸ்க்கை மூடினாள்.

காப்பாளர் பிளாஸ்க்கின்மேல் கையை வைத்தார். "அவசரப்படாதீங்கம்மா. இன்னும் ஒரு பெட்டி பாக்கி இருக்கு."

மறுநாள் கிடைத்தது: 'அண்ணா, நான் சாகவில்லை. வைத்தியர் ஓர் அவசரக்குடுக்கை.'

அம்மாளுக்கு வந்த சந்தோஷத்தில் மேலிடத்துக்கே எழுதிப் போட்டுவிட்டாள். "எல்லாம் அசல்தானான்னு பார்த்துச் சொல்ல ஒருத்தர் வர்றார் சார். உங்களுக்கு முன்னாடி இதே அறையில இருபது வருஷம் தனியா இருந்து ஓய்வு பெற்றவராம். தளபதி காகிதம் அத்தனையும் அவருக்கு அத்துப்படியாம்!"

காப்பாளர் அன்று டீயைத் தொடவில்லை.

பெரியவர் பூதக்கண்ணாடியோடு வந்தார். அம்மாளை மேலே காத்திருக்கச் சொன்னார். பதினான்கு கடிதங்களையும் ஒரு வரி விடாமல் படித்தார். நடுவே இரண்டு முறை மூக்கைச் சிந்தினார். அதற்குமேல் காப்பாளரால் தாங்க முடியவில்லை.

"நான்தான்யா எழுதினேன்! நானூறு கடிதம் போட்டும் ஒரு பதில் வரலையேன்னு அந்த மனுஷன்மேல பரிதாபப்பட்டுட்டேன். வேலை போனாப் போகட்டும். அந்த அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. அவங்க வராமப் போயிடுவாங்க."

பெரியவர் பேனாவைத் திறந்தார். பதினான்கு கடிதங்களின் மூலையிலும் 'அசல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூடியைத் திருகி முடித்துவிட்டுச் சொன்னார்:

"தளபதி வெறும் கைநாட்டு, தம்பி. அந்த நானூத்துப் பன்னிரண்டையும் இங்க உக்காந்து எழுதினவன் நான். பதில் இப்பத்தான் வந்திருக்கு."