ஒன்பது நாள் போடாத சூடேற்றி

லெனின்கிராட், 14 மார்ச் 1989

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, காந்த ஆய்வகத்தின் உதவிப் பொறியாளர் வெனியமின் ஸகாரவிச் வணங்கி எழுதுவது. தாங்களும் தங்கள் இதழும் நலமாக இருக்க வேண்டும். நாங்கள் நலமில்லை.

எங்கள் பேராசிரியர் ரதியோன் கிரீலவிச் போன மாதம் காலமானார். எங்கள் நவம்பர் அளவீட்டுக் கட்டுரையைத் தங்களுக்கு அனுப்பியாகிவிட்டது என்று என்னிடம் சொல்லியிருந்தார். தயவுசெய்து அதை அச்சிடாதீர்கள். தப்பு என்னுடையது. செத்தவர் பேரில் அது ஏறிவிடக் கூடாது.

சில அணு அடுக்குகளே அகலமான குறைக்கடத்திப் படலத்தில், அதாவது குவாண்டம் கிணற்றுக்குள், எலக்ட்ரானும் அது விட்டுவந்த வெற்றிடமும் ஜோடி சேர்ந்து எக்ஸிட்டானாகச் சுற்றுவதும், காந்தப்புலத்தில் அந்த ஜோடியின் ஒளிக்கோடு இரண்டாகப் பிரிவதும் தங்களுக்குத் தெரியாததா. அதைப் பார்க்கத்தான் நவம்பரில், காந்தச் சுருளைக் குளிர்விக்கும் திரவ ஹீலியக் குடுவையைச் சறுக்குவண்டியில் வைத்துப் பனியில் இழுத்து வந்தேன், வாசலில் காவலாளி மறித்து, "சீட்டு எங்கய்யா? உள்ள என்ன?" என்றார், "ஹீலியம்" என்றேன், "தொறந்து காட்டு" என்றார், காட்டினேன், புகைதான் வந்தது, "ஒண்ணுமே இல்லாததுக்கு எதுக்குய்யா சீட்டு, போ" என்று விட்டார், அதற்குள் கால்வாசி ஆவியாகிப் போச்சு, மீதியை ஊற்றினால் குழாயில் ஐஸ் அடைத்துக்கொண்டது, ஒருவழியாக முழு மின்னோட்டம் கொடுத்துப் பார்த்தால் கோடு இரண்டாக நின்றது. சிரித்துவிட்டேன்.

"பாத்தீங்களா ரதியோன் கிரீலவிச், ரெண்டு."

"பாத்தேன் வேன்யா. டீ போடு."

ஒன்பது நாளும் இரண்டுதான். நேற்றுக் குறிப்பேட்டைப் புரட்டினேன். சுருளுக்குப் பக்கத்தில் சின்னச் சூடேற்றி ஒன்று உண்டு. அதைப் போட்டால்தான் மின்னோட்டம் சுருளுக்குள் போகும். இல்லாவிட்டால் குறுக்குவழியில் திரும்பிவிடும், மீட்டர் முள் மட்டும் பெருமையாக நிற்கும். ஒன்பது நாளும் குறிப்பேட்டில் சூடேற்றிக்கான கட்டம் காலி. காந்தப்புலமே இல்லை. கிணற்றின் அகலம் ஓர் அணு அடுக்கு ஏறி இறங்கினாலும் கோடு இரண்டாகும். நாங்கள் பார்த்தது அதைத்தான். இருபத்தோரு வருஷ வேலையில் நான் சூடேற்றியைப் போட மறந்ததில்லை. அந்த அளவீடு தொடங்கியது என் மனைவி ஸோயாவைப் புதைத்ததற்கு அடுத்த வாரம். வீட்டில் இருக்க முடியாமல் வேலைக்கு வந்திருந்தேன். சாக்குச் சொல்லவில்லை, தேதியைச் சொல்கிறேன்.

தங்கள் வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று விரும்பும்,
வெ. ஸகாரவிச்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது பேராசிரியரின் மனைவி தாயீஸியா மார்க்கவ்னா வந்தார். கட்டுரை மேசை இழுப்பறையிலேயே இருந்ததாம். தபாலுக்கே போகவில்லை. அதன்மேல் குத்தியிருந்த தாளில், அளவீட்டின் முதல் நாள் தேதியிட்டு, பென்சிலில் பேராசிரியரின் கையெழுத்து: "வேன்யா சூடேற்றியைப் போடவில்லை. சொல்ல வேண்டாம். ஸோயா போனபின் இன்றுதான் சிரித்தான்." ஆக, தாங்கள் நிறுத்த ஒன்றுமில்லை. ஆனாலும் அனுப்புகிறேன். தெரிந்தே அவர் ஒன்பது நாளும் என் பக்கத்தில் உட்கார்ந்து எண்களை எழுதிக்கொண்டார். அது யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும்.