கத்தியைத் தொட்டது யார்?

"என் கத்திய யார் தொட்டது?"

குளியலறையிலிருந்து உதவி மேலாளர் போட்ட கூச்சலில் அடுப்படியில் ஒரு கண்ணாடி டம்ளர் விழுந்து உடைந்தது. பத்து மணிக்கு அவருக்கு மேலாளர் பதவிக்கான நேர்காணல். இடது கன்னம் முழுக்க நுரை. வலது கன்னம் ஆடு மேய்ந்த புல்தரைபோலத் திட்டுத்திட்டாக இருந்தது.

"நேத்து காலையில பெட்டி திறந்து கிடந்தது. இனிமே யாராவது கத்தியத் தொட்டா கைய ஒடிப்பேன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. தெரு முழுக்கக் கேட்டுச்சு," என்றாள் மனைவி, கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கியபடி. "உங்க கத்தி எனக்கு எதுக்கு? எனக்கென்ன தாடியா இருக்கு?"

"அப்ப உன் பொண்ணுதான் பென்சில் சீவியிருப்பா!"

"நான் காலேஜ் படிக்கிறேன்ப்பா," என்றாள் மகள்.

அவர் சாதாரண பிளேடில் முகம் மழிக்கிற ஆள் இல்லை. மடக்குக் கத்திதான். தினமும் சவரம் முடிந்ததும் அதைக் கூர் தீட்டும் தோல்வாரில் இருபது இழுப்பு, முழுப் பலத்தோடு இழுத்துத்தான் பெட்டியில் வைப்பார். தீட்டுவது எப்பேர்ப்பட்ட கலை என்று அலுவலகத்தில் பேசிப் பேசி, அவரைக் கண்டாலே ஆட்கள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடும் அளவுக்கு வைத்திருந்தார்.

இப்போது வாரை இழுத்துப் பிடித்தார். கத்தியின் முதுகு முன்னால் போகவேண்டும். கோபத்தில் கூர் முன்னால் போயிற்று. வார் இரண்டு துண்டானது.

"மட்டமான தோலு!"

சாணைக்கல்லை எடுத்து அசுர வேகத்தில் தேய்த்தார். கத்தியின் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்தது. கூடத்துக்கு ஓடி, மாமனார் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளைப் பிடுங்கினார்.

"மாமா, குடுங்க அத! பேப்பர்ல தீட்டினாலும் கூர் வரும்."

பேப்பர்தான் கிழிந்தது. விடுவாரா? மறுபடி கண்ணாடிமுன் போய்க் கத்தியை மேலுதட்டில் வைத்தார். மீசையில் பாதி போய், ரத்தம் வந்தது.

ஒன்பது இருபதுக்கு அரை மீசையோடு, மேலுதட்டில் துண்டை அழுத்திக்கொண்டு கூடத்தின் நடுவில் வந்து நின்றார்.

"இந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு எவன்முன்னாடி போய் உக்கார்றது? பதினெட்டு வருஷமா காத்திருந்த பதவி! நேத்து வரைக்கும் வெண்ணெய் மாதிரி வழுக்கின கத்தி ஒரே நாள்ல எப்படி மழுங்கும்? எனக்குத் தெரிஞ்சாகணும். தொட்டது யாரு?"

கிழிந்த பேப்பரை மடியில் வைத்துப் பொருத்திக்கொண்டிருந்த மாமனார் நிமிர்ந்தார். இந்த வீட்டுக்கு வந்த ஆறு வருடத்தில் மருமகன்முன் அவர் வாய் திறந்ததே அபூர்வம்.

"யாரும் தொடல மாப்பிள்ளை. தினம் நீங்க மழுங்கடிச்சிட்டு ஆபீஸ் போனதும் நான்தான் எடுத்துத் தீட்டி வெப்பேன். கைய ஒடிப்பேன்னீங்களா, நேத்துதான் முதல் தடவையா விட்டுட்டேன்."