சிம்பாங் தென்னையின் பலகைப் போர்

எண்ணெய்க் கொப்பரையின் முன்னே எரிதழல் தாங்கி, அரிசிமாவும் உளுந்தும் ஓமமும் அளவறிந்து பிசைந்து, ஐவிரல் திருகில் ஆயிரம் வட்டம் வரைந்த அருந்திறலாள்; சுங்கை கெலாடித் தோட்டத்து வரிசைவீடுகளில் மூன்றாம் லயத்தின் முதல் வீட்டுக்கு உரியவள்; செம்பனைக் குலை வெட்டும் கணவன் செல்லனை ஒற்றைப் புருவ உயர்த்தலால் ஆளும் கோமகள்; முறுக்குச் சுடும் மங்கையருள் முதல்வி; நவமணி என்னும் அந்நங்கையின் நெடும்புகழை இனி உரைப்போம். கேட்போர் செவி குளிர்க, பல் உறுதி பெறுக. இடர் நீக்கும் தும்பிக்கையான் இக்கதைக்கும் முன்வந்து நிற்பானாக. நிற்கிற நேரத்தில் தட்டிலிருந்து ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டாலும் நவமணி ஒன்றும் சொல்லமாட்டாள்.

போர் நடந்த களம் இது. கோலா சிலாங்கூரைத் தாண்டி, நெல்வயல் சூழ்ந்த செகிஞ்சானையும் அதற்கப்பால் சபாக்கையும் நோக்கி வடக்கே ஓடும் பெருஞ்சாலையில் ஒரு சிம்பாங் உண்டு. அதாவது, இருபுறமும் இரண்டு மண்பாதைகள் பிரியும் சந்திப்பு. வடக்கே போகிறவருக்கு இடக்கைப் பக்கத்துப் பாதையில் நவமணியின் லயம். வலக்கைப் பக்கத்துப் பாதையில், சாலையிலிருந்து நாற்பதடி உள்ளே, உடையப்பனின் வீடு. சந்திப்பின் ஓரத்தில், இடிவிழுந்து தலையிழந்த ஒரு தென்னை மொட்டையாக நின்றது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தாம் ஆண்டு தீபாவளிக்கு முந்திய அந்த ஒரு மாதம் குருதி சிந்தாமல், ஆணி மட்டுமே சிந்தி நடந்த மாபெரும் போருக்கு அந்த மொட்டைத் தென்னையே கொடிமரம்.

போரின் காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். பதினாறு ஆண்டுகள் நவமணி செம்பனை மரத்தடியில் உதிர்ந்த பழங்களைக் குனிந்து பொறுக்கிக் கோணியில் நிரப்பினாள். குனிந்து குனிந்து, வானம் என்ன நிறம் என்பதையே ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பார்த்தாள். முறுக்கு நிமிர்ந்து நின்று செய்கிற வேலை. அதற்காகவே அதன்மேல் அவளுக்கு அப்படி ஓர் ஆசை. ஒருநாள் கோணியை உதறிவிட்டு, "நான் யாவாரம் பண்ணப் போறேன்" என்று அறிவித்தாள். அவளுடைய அண்ணனும் பழம் பொறுக்கும் கூட்டத்தை மேற்பார்க்கும் மண்டோருமான கார்த்திகேசு, மீசையைத் தடவிக்கொண்டு தீர்ப்பு வழங்கினார்.

"தீபாவளி வரைக்கும் வேலைக் கணக்குல ஒம் பேர வெட்டாம வச்சிருக்கேன். அறுபது டின் வித்துட்டா நீ யாவாரி. விக்காட்டி, பேசாம வந்து கோணியத் தூக்கு லா."

லயத்துக்காரர்கள் வாங்கினால் ஆறு டின் போகும். மீதி ஐம்பத்து நான்கும் சாலையில் பறக்கிற முன்பின் தெரியாத மனிதர்களிடம்தான் போயாக வேண்டும். அந்த மனிதர்களுக்கோ, நவமணி என்று ஒருத்தி இந்த உலகத்தில் முறுக்குச் சுடுவதே தெரியாது.

ஆகவே அவள் பலகை எழுதினாள். நீலப் பின்புலத்தில் வெள்ளை எழுத்தில், 'நவமணி சுவைக் களஞ்சியம்' என்று தீட்டி, தென்னையில் மார்பளவு உயரத்தில் செல்லனைக்கொண்டு அறைவித்தாள். சுத்தியல் ஓசை எட்டுத் திசையும் எட்டியதோ இல்லையோ, எதிர்ப்பக்கம் எட்டியது. அங்கே அதே தீபாவளிக்காக அதே முறுக்கைச் சுட்டுக்கொண்டிருந்தான் உடையப்பன். கைப்பிடியைச் சுற்றினால் ஒரே நேரத்தில் மூன்று முறுக்கு விழுகிற எந்திர அச்சை ஈப்போவிலிருந்து வரவழைத்த வீரன். மல்லுவேட்டி மடித்துக் கட்டிய மாவீரன். யாரும் கேட்காமலே தன்னை 'முறுக்கு மன்னன்' என்று அழைத்துக்கொண்டவன். மறுநாள் பொழுது விடிந்தபோது நவமணியின் பலகைக்கு ஒரு சாண் மேலே 'முறுக்கு மன்னன் உடையப்பன்' என்ற பலகை சிவந்து எரிந்தது.

பொறுப்பாளா நவமணி? அன்று மாலையே அவளுடைய பலகை அவனுடையதற்கு இரண்டு முழம் மேலே ஏறியது. அடுத்த நாள் அவன் ஏணி கொண்டு ஏறினான். அதற்கடுத்த நாள் செல்லன், குலை வெட்டும் நீண்ட கம்பின் நுனியில் பலகையைச் செருகித் தூக்கிப் பிடிக்க, லயத்து இளைஞன் ஒருவன் மரமேறி ஆணியடித்தான். இப்படி நாளொரு முழமும் பொழுதொரு ஆணியுமாய் இரு பலகைகளும் விண்ணை நோக்கி வளர்ந்து, இரண்டாம் வாரக் கடைசியில் தென்னையின் மொட்டைத் தலையைத் தொட்டு நின்றன. அங்கே அவற்றைக் காகங்கள் தினமும் படித்தன. காகங்கள் ஒன்றும் வாங்கவில்லை.

உயரப்போர் ஓய, சொற்போர் மூண்டது. பலகையில் ஒரு முறை முறுக்கு என்று எழுதுகிறவனைவிடப் பத்து முறை எழுதுகிறவனையே உலகம் பத்து மடங்கு நம்பும் என்பது நவமணி கண்ட புதிய போர்முறை. பலகையை இறக்கினாள். மேலே ஒரு வரி முறுக்கு, கீழே ஒரு வரி முறுக்கு, நடுவில் தேங்காய்ப்பால் முறுக்கு, பூண்டு முறுக்கு, கைமுறுக்கு, நெய்யுருண்டை, அதிரசம், ஓமப்பொடி, காதுகுத்து, கல்யாணம், திருவிழா, திறப்புவிழா என்று, அடுப்பங்கரையில் உள்ளதும் இல்லாததுமாக அத்தனை சொல்லையும் அந்த இரண்டடிப் பலகையில் திணித்தாள். இடம் போதாமல் எழுத்து எறும்பளவு ஆனது. உடையப்பனோ வேறு வழியில் தாக்கினான். சபாக் போகும் பஸ்ஸின் கண்டக்டருக்கு நாள்தோறும் ஒரு பொட்டலம் முறுக்குக் கொடுத்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் தன் பெயரை முழங்க ஏற்பாடு செய்தான். கண்டக்டரும் நன்றி மறவாதவர். மருத்துவமனை வாசலில் முழங்கினார். இடுகாட்டு வளைவில்கூட முழங்கினார். நான்காம் நாள் பயணிகளுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே எரிச்சல் வந்தது. ஐந்தாம் நாள் முழக்கமே எழவில்லை, ஏனென்றால் கண்டக்டர் வாயில் முறுக்கு இருந்தது.

தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. நவமணி விற்றது நான்கு டின், அதுவும் லயத்தில்.

தஞ்சோங் காராங்கில் கோப்பிக்கடை வைத்திருக்கும் காளியம்மா நவமணிக்குச் சிறுவயதுத் தோழி. நவமணி கொடுத்த முறுக்கைக் கண்ணாடிப் போத்தலில் போட்டுக் கல்லாவின்மேல் வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் எங்கிருந்து வந்தது என்று சொல்லி வந்த உத்தமி. அவளிடம் போய் நவமணி தன் பலகையின் பெருமையை விரித்தாள். காளியம்மா கோப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டு, மெல்லச் சொன்னாள்.

"போன வாரம் நானே பஸ்ஸுல வந்தேன். ஒன் பலகையில என்ன எழுதியிருக்குன்னு எனக்கே தெரியல. காடி ஓட்டிக்கிட்டுப் போறவனுக்கு எப்படித் தெரியும் லா?"

அச்சொல் அம்பாய்த் தைத்தது. நவமணிக்குக் கோபம் வந்தது. அதன்பின் வெட்கம் வந்தது. அன்று காலை முழுவதும் அவள் அந்தக் கடை மூலையில் உட்கார்ந்து, கண்ணாடிப் போத்தலைப் பார்த்து மனிதர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். செகிஞ்சானிலிருந்து அரிசி ஏற்றி வந்த சீன லோரிக்காரர், "முருக்கு அடா?" என்று, இருக்கிறதா எனக் கேட்டார். மலாய் ஆசிரியை ஒருத்தி, உறைப்பாய் இருக்குமா என்பதற்கு, "பெடாஸ் கா?" என்றாள். ரவாங்கில் தொழிற்சாலை வேலை பார்க்கும் அம்சவள்ளி என்ற பெண், "இன்னைக்குச் சுட்டதா, நேத்து சுட்டதா?" என்று கேட்டு, பதில் வரும்வரை காசை எடுக்கவில்லை. சுவைக் களஞ்சியம் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. உலகம் தன்னிடம் என்ன கேட்கிறது என்று தெரியாமலே, இத்தனை நாளும் தான் உலகத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது அவளுக்கு அப்போது விளங்கியது.

வீடு திரும்பிய வீராங்கனை புதுப்பலகை ஒன்றை எடுத்தாள். ஒரு சாண் உயர எழுத்தில் 'முறுக்கு. இன்று சுட்டது' என்று தமிழில் எழுதினாள். அதையே மலாயில் எழுதினாள். சீன எழுத்தை அந்த லோரிக்காரரே இரண்டு பிடி முறுக்குக்குக் கைம்மாறாக எழுதிக் கொடுத்தார். கீழே, கண்ணை மூடிக்கொண்டு போகிறவனையும் கையைப் பிடித்து இழுக்கிற மாதிரி, தடித்த மஞ்சள் அம்பு ஒன்று இடப்பக்கம் பாய்ந்தது. பலகையின் மறுபக்கத்திலும் அதே எழுத்தை, அதே அம்பை, அச்சுப் பிசகாமல் தீட்டினாள்.

செல்லன் தலையைச் சொறிந்தான். "பின்னாலயும் இதே மாதிரியேவா?"

"ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தாத்தான் பாக்க லட்சணமா இருக்கும்" என்றாள் நவமணி. அதற்குமேல் செல்லன் வாய் திறக்கவில்லை. அவன் இல்லறம் இருபது ஆண்டு நிலைத்த ரகசியம் அதுதான். காடியில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு நேராக, சாலைக்குக் குறுக்காக, பலகை நடப்பட்டது.

வந்தது தீபாவளிக்கு முந்திய ஞாயிறு. தலைநகரத்துக் காடிகள் மீன் வாங்கவும் வயல் பார்க்கவும் செகிஞ்சானுக்குத் திரளும் திருநாள். நெற்றியில் நீறும் இடுப்பில் இறுகிய முந்தானையுமாய், தன் பாதை வாசலில் ஐம்பத்தாறு டின்களை அரணாக அடுக்கி, அதன்பின் நிமிர்ந்து நின்றாள் நவமணி. காலையில் வடக்கே பாய்ந்த காடிகள் எதுவும் நிற்கவில்லை. போகிறவர்களுக்கு மீன்மேல் கண். பதினொரு மணிக்கு அவை திரும்பின. மீன் வாங்கி முடித்து, மனம் நிறைந்து, வாய் சும்மா இருக்கிற அந்தச் சேனை, பலகையைக் கண்டு வேகம் தணிந்து, விளக்கு மின்னி, ஒன்றன்பின் ஒன்றாக, ஒழுங்காக, அம்பு காட்டிய இடப்பக்கம் திரும்பியது. தெற்கே போகிறவர்களின் இடப்பக்கம். உடையப்பன் வீட்டுப் பக்கம்.

ஒரு காடி போனது. ஏழு போயின. ஒரு வேன் நிறையக் குடும்பம் போயிற்று. நவமணி முதலில் திகைத்தாள். பிறகு வயிறு எரிந்தது. பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கொஞ்சம் அழுதாள். குனிந்து குனிந்து பொறுக்கிய பதினாறு ஆண்டும் மறுபடி முதுகில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"அம்பு அந்தப் பக்கத்துலேர்ந்து வரவனுக்கு எங்க காட்டுது பாரு" என்றான் செல்லன், மிகவும் பணிவாக.

பார்த்தாள். பார்த்த கண் சிவந்தது. சுத்தியலைப் பற்றினாள். கொண்டை அவிழ, கொலுசு அதிர, தன் கையால் எழுதிய பலகையைத் தன் கையாலேயே தகர்க்கும் சபதத்தோடு நெடுஞ்சாலையில் இறங்கினாள். அதே நொடியில் எதிர்ப்பக்கத்திலிருந்து, வேட்டியை ஒரு கையில் பிடித்தபடி, முகமெல்லாம் வியர்வையாய் உடையப்பனும் இறங்கினான். மாதம் முழுவதும் மரமேறியும், கண்டக்டருக்குப் பொட்டலம் கட்டியும், பலகைக்குச் சாயம் பூசியும் திரிந்த அந்த மன்னன், சுட்டு வைத்திருந்தது ஏழே டின். அது பதினொன்றரைக்கே தீர்ந்திருந்தது. சாலை நடுவின் வெள்ளைக் கோட்டின்மேல் இரு படைத்தலைவர்களும் நேருக்கு நேர் நின்றனர். வடக்கிலும் தெற்கிலும் ஹார்ன்கள் முழங்கின. மொட்டைத் தென்னையின் காகங்கள் மூச்சடக்கின.

"அக்கா" என்றான் உடையப்பன், "வாசல்ல பத்தொம்பது காடி நிக்குது. என்கிட்ட ஒண்ணுமில்ல. இருக்கறதக் கொண்டாங்களேன், காசு ஒங்களுக்குத்தான்."

சுத்தியல் தாழ்ந்தது. அதன்பின் நடந்ததை எப்படி உரைப்போம்! செல்லன் தலையில் மூன்றும் கக்கத்தில் இரண்டுமாய்ச் சுமக்க, லயத்துப் பெண்டிரும் பிள்ளைகளும் சங்கிலியாய் நின்று கைமாற்ற, ஐம்பத்தாறு டின்களும் கடல் கடந்த படைபோல் சாலை கடந்து, எதிரியின் கோட்டைக்குள் கொடியின்றிப் புகுந்தன. வாங்கியவர்கள் கடித்துப் பார்த்து, கண்கள் விரிய, 'உடையப்பன் கைப்பக்குவமே தனி' என்று புகழ்ந்தார்கள். வானவர் பூமாரி பொழிந்தனரோ, மேகம்தான் தூறியதோ, அறியோம். அண்ணன் சொன்ன அறுபது டின்னும் நிறைய, வாகை சூடிய மங்கை நவமணி, வரலாற்றின் நடுவே நிமிர்ந்து நின்று, தன் வெற்றியின் முழு வடிவத்தையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்துக்கொண்டாள்.

அவள் சுட்ட முறுக்கெல்லாம் உடையப்பன் வீட்டு வாசலில்தான் விற்றது.