ரெக்கார்டர் கேட்ட 'அப்புறம்'

புதுச்சேரி முதலியார்பேட்டையில் அவள் காதுக்குத் தப்பிய வாய் ஒன்றுகூடக் கிடையாது. பால்காரர், கடலூர் பஸ் கண்டக்டர், எங்கள் விடுதிக்காரம்மாவின் குறட்டை வரை எல்லாமே அவள் போனில் பதிவாகி, தேதி போட்டுக் காத்திருந்தன. அவள் மொழியியல் எம்.ஏ. நான் மாஸ் கம்யூனிகேஷன். ஒரே அறை. பெயர் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதில்லை. விடுதி முழுக்க 'ரெக்கார்டர்'தான்.

ஒருநாள் காலையில் தெருவில் மீன் விற்றுக்கொண்டு வந்த அக்காவை மறித்தாள்.

"அக்கா, இன்னொரு வாட்டி கூவுங்க. பைக் ஹாரன் குறுக்க வந்துடுச்சி."

"மீன் வாங்குறியா, இல்லியா?"

"வாங்கல. கூவுனா போதும்."

அந்த அக்கா கூவவில்லை. வேறு சில சொற்களைச் சொன்னார். அவற்றையும் பதிவு செய்துகொண்டு, மரியாதைக்கு ஒரு கிலோ மத்தியோடு திரும்பி வந்தாள். எங்களுடையது சைவ விடுதி. விடுதிக்காரம்மா போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது. ரெக்கார்டர் அதையும் விடவில்லை.

"கவனிச்சியாடி? கோவம் ஏற ஏற வாக்கியம் சின்னதாயிடுது" என்றாள், சந்தோஷமாக.

பரீட்சைக்குப் படிக்கவும் விடமாட்டாள். 'அனுப்புபவர், செய்தி, பெறுபவர், நடுவில் இரைச்சல்' என்று நான் மனப்பாடம் செய்தால், "இரைச்சல்னு நீ சொல்றதே இரைச்சலாத்தான் இருக்குது" என்பாள்.

அந்த வருஷம் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். உயிர் தப்பியது. வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்: 'அப்புறம்'.

கஞ்சி கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வம்பு ஆரம்பித்தது.

"கஞ்சி குடிக்கிறியாய்யா?" என்பார் அம்மா.

"அப்புறம்."

அம்மா கிண்ணத்தை மூடி வைப்பார். அரை மணி கழித்து மறுபடி கேட்பார். "அப்புறம்!" மறுபடி மூடி. மாத்திரைக்கும் அதே பதில். இரண்டாம் நாள் அப்பா இடது கையால் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். வார்டில் அவருக்குப் 'பிடிவாதக்காரர்' என்று பெயர் வந்தது. இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய்தான் என்றார் டாக்டர்.

"உசுரோட இருக்கணும்னே இல்ல போலக்குது இந்த மனுசனுக்கு" என்று அம்மா அழுதார். தகவல் தொடர்பில் வகுப்பிலேயே அதிக மார்க் வாங்கிய நான் மூலையில் நின்று அழுதேன்.

அப்போது ரெக்கார்டர் வந்தாள். கையில் ஆரஞ்சுப் பை. பையைக் கொடுத்துவிட்டு, போனை எடுத்து அப்பாவின் தலையணை ஓரம் வைத்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இங்கயுமாடி? வெளிய போ!"

அவள் போகவில்லை. அம்மா கேட்பதையும் அப்பா சொல்வதையும் பதிவு செய்தாள். இயர்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு கட்டிலருகே போய்க் குனிந்தாள்.

"அப்பா, நீங்க இப்ப பாரிஸ்ல இருக்கீங்களா?"

"அப்புறம்." வெட்டினாற்போல், குரல் கீழே இறங்கியது.

"இவங்க உங்க சம்சாரமா?"

"அப்புறம்?" கடைசியில் குரல் மேலே ஏறியது.

"பசிக்குதாப்பா?"

"அப்புறம்?" ஏறிய குரல் உடைந்தது. கண்ணோரம் தண்ணீர் வழிந்தது.

ரெக்கார்டர் நிமிர்ந்தாள். "அம்மா, அவரு அப்புறம்னு சொல்லல. வேற சொல்லு வாயில வரல, அதனால இதையே வெச்சிக்கினு ராகத்துல பேசறாரு. குரல் ஏறுனா ஆமா, எறங்குனா இல்ல. ரெண்டு நாளா கஞ்சி குடுன்னு கேட்டுக்கினே இருக்காரும்மா."

"ஐயோ! கேக்கக் கேக்க மூடி வெச்சேனே, பாவி!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு கிண்ணத்தை எடுத்தார். அப்பா ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் ஊத்தவா?" என்று கேட்டபோது அப்பாவின் குரல் கூரைக்கு ஏறியது. பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

ஒலிக்கும் பொருளுக்கும் உள்ள உறவு வெறும் பழக்கம்தான் என்று அவள் பாடப் புத்தகம் சொல்லுமாம். அப்பாவின் புதுப் பழக்கத்தை, 'ஏறினால் ஆமா, இறங்கினால் இல்லை' என்று ஒரு தாளில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினாள். பத்து நாள் தினமும் வந்தாள். நீட்டி இழுத்தால் அம்மாவைக் கூப்பிடுகிறார் என்று கண்டுபிடித்தாள். நர்ஸ்கள் அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்து அவரோடு பேசப் பழகிக்கொண்டார்கள்.

அந்தப் பத்து நாளில் அவளுடைய களப்பணி அறிக்கைக்கான கடைசித் தேதி தாண்டிப்போயிருந்தது. அதனால் பட்டம் ஒரு செமஸ்டர் தள்ளிப்போனது. இது எனக்கு வெகுநாள் கழித்து, வேறு ஒருத்தி சொல்லித்தான் தெரியும். சண்டைக்குப் போனேன்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"உங்கப்பா நாலாவதா புது ராகம் ஒண்ணு ஆரம்பிச்சிருந்தாருடி. அத வுட்டுட்டு எப்பிடிப் போறது?"

பயிற்சியில் அப்பா மெல்ல நடக்கப் பழகினார், சொற்களும் ஒவ்வொன்றாகத் திரும்பின. இப்போது வரப்பில் நின்றுகொண்டு, கொஞ்சம் குழறலாக, ஊருக்கே கேட்கும்படி போனில் என்னைத் திட்டுகிறார். எவ்வளவு நேரமானாலும் நான் குறுக்கே பேசுவதில்லை. முழுசாகக் கேட்டுவிட்டு, மனசுக்குள் அவளுக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.