மேனேஜரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை

"எடுத்த எடுப்பிலேயே 'கடிக்கும்'னு எதுக்குங்க போட்டிருக்கீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"பூனை கடிக்குமா, கடிக்காதா?"

"கடிக்கும்."

"அப்ப போட்டுத்தானே ஆகணும்?"

மனைவி கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு, இந்த மனுஷனோடு முப்பது வருஷம் எப்படித்தான் குப்பை கொட்டினோமோ என்கிற மாதிரி பார்த்தாள்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மருந்துப் பெட்டியைத் திறந்தால் எட்டாக மடித்த தாள் ஒன்று உள்ளே இருக்குமே, பொடிப்பொடி எழுத்தில்? நீங்களும் நானும் பிரித்துக்கூடப் பார்க்காமல் குப்பையில் போடுகிற தாள். அதை எழுதுவதுதான் அவர் வேலை. ஒரு பக்கவிளைவை எழுதாமல் விட்டால் எங்கேயோ யாருக்கோ ஏதோ ஆகிவிடும் என்ற பயத்திலேயே இருபத்தெட்டு வருஷத்தை ஓட்டியவர். அலுவலகத்தில் அவருக்கு 'எச்சரிக்கை' என்றுதான் பெயர். நாமும் அப்படியே கூப்பிடுவோம். கோபித்துக்கொள்ள மாட்டார்.

எச்சரிக்கை எழுதிய விளம்பரம் இதுதான்:

'மூன்று வாரங்களுக்கு வீட்டையும் ஒரு பூனையையும் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. பூனை கடிக்கும். அடிக்கடி நிகழக்கூடியவை: பிறாண்டல், உடையில் முடி. எப்போதாவது நிகழக்கூடியவை: அலமாரி மேலிருந்து தலையில் குதித்தல். மிக அரிதாக: வெற்றுச் சுவரைப் பார்த்து உறுமுதல். குளியலறைக் குழாயை இடப்பக்கம் திருப்பினால் கையோடு வந்துவிடும். இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டு விண்ணப்பிக்கவும்.'

இப்படிப்பட்ட ஆட்களைச் சேர்த்துவைப்பதற்கென்றே ஓர் இணையதளம் இருந்தது. அங்கே சொந்தப் பெயர் கிடையாது, ஆளுக்கொரு புனைபெயர்தான். பேச்செல்லாம் எழுத்தில். இரண்டு தரப்பும் சம்மதித்த பிறகு, கடைசி நாள் காலையில்தான் முகவரி போகும்.

இரண்டு நாளில் ஒரே ஒரு பதில் வந்தது. 'இதற்கு முன்னால் பார்த்துக்கொண்டவர் இப்போது எப்படி இருக்கிறார்?'

"போச்சு," என்றாள் மனைவி. "இதோ பாருங்க, ஒரே பேச்சுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயில். ஆள் கிடைச்சா ரெண்டு பேரும் போறோம். கிடைக்கலேன்னா நான் மட்டும் கிளம்பறேன். நீங்க மேனேஜருக்கு மாத்திரை ஊட்டிக்கிட்டு இங்கயே கிடங்க."

மேனேஜர் என்பது பூனை. எட்டு மாதத்துக்கு முன்னால் இந்த வாடகை வீட்டுக்குக் குடிவந்தபோது சாவியோடு சேர்ந்து வந்தது. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஏன் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களையெல்லாம் தாமதமாக வேலைக்கு வந்தவர்களைப் பார்ப்பதுபோல் பார்க்கும். காலையும் மாலையும் தவறாமல் மாத்திரை கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிழைக்காது என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். கடிப்பதை நிறுத்த அவரிடம் மருந்து இல்லை.

மகளுக்குப் பிரசவம் அடுத்த வாரம்; பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் வெளியூரில் புகுந்த வீட்டிலேயே. முதல் குழந்தை. அந்த மகள் பிறந்த அன்று எச்சரிக்கை எங்கே இருந்தார் தெரியுமா? அச்சகத்தில், ஓர் இருமல் மருந்துத் தாளுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தார். குழந்தையை அவர் முதலில் பார்த்தபோது அதற்கு மூன்று நாள் வயசு. மனைவி அதை இன்றுவரை சொல்லிக் காட்டியதில்லை. அதுதான் அவரை அறுத்தது. இந்தத் தடவையாவது பேரக் குழந்தையின் முதல் அழுகையைக் கேட்டுவிட வேண்டும் என்று மனசு கிடந்து தவித்தது.

மச்சானை வரவழைத்தார்கள். மனைவியின் தம்பி. அடுக்குமாடி வீடுகளுக்கு விளம்பரம் எழுதிப் பிழைப்பவன்.

அவன் விளம்பரத்தைப் படித்துவிட்டு, "மாமா, நீங்க ஆள் தேடறீங்களா, விரட்டறீங்களா?" என்றான்.

பத்தே நிமிஷத்தில் மாற்றி எழுதினான். மாடியில் தண்ணீர்த் தொட்டி கசிந்துகொண்டிருந்தது. 'சலசலக்கும் நீரோசை' ஆயிற்று. பக்கத்து வீட்டில் டிரம்ஸ் வகுப்பு. 'கலைஞர்கள் சூழ்ந்த தெரு.' பூனை? 'தனித்துவமான ஆளுமை கொண்டவர், உங்களைத் தன் வசப்படுத்திவிடுவார்.'

"இது பொய்டா," என்றார் எச்சரிக்கை.

"எந்த வார்த்தை மாமா பொய்?"

அவர் மூன்று தடவை படித்துப் பார்த்தார். எதையும் பிடிக்க முடியவில்லை. அதனாலேயே இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் மத்தியானத்துக்குள் நாற்பத்தேழு பேர் விண்ணப்பித்துவிட்டார்கள். மனைவி சந்தோஷத்தில் பெட்டியை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தாள். எச்சரிக்கைக்குத்தான் சோறு இறங்கவில்லை. நாற்பத்தேழு பேர்! நாற்பத்தேழு பேருக்கும் விஷயம் தெரியாது! அலுவலகக் கழிவறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு, விடுபட்ட எச்சரிக்கைகளை இருபத்திரண்டாக எண் போட்டு எழுதி, நாற்பத்தேழு பேருக்கும் அனுப்பிவிட்டார்.

அனுப்பியதும் நிம்மதியாக மூச்சு விட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மனைவி பெட்டியைத் திறந்து, அவருடைய சட்டைகளை மட்டும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"நாற்பத்தாறு பேர் விலகிட்டாங்க," என்றாள். குரல் உயரவே இல்லை. அதுதான் கிலியாக இருந்தது. "அதுல அஞ்சு பேர் ஏமாத்து விளம்பரம்னு புகார் குடுத்திருக்காங்க. இன்னும் ஒரு புகார் வந்தா விளம்பரத்தைத் தூக்கிடுவாங்களாம். புதுசாப் போட ஒரு மாசம் ஆகுமாம்."

அந்த நேரம் பார்த்து மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, நீங்களும் கண்டிப்பா வரீங்கதானே? டாக்டர் தேதி முன்னாலகூட ஆகலாம்னு சொல்றாங்க. எனக்கு பயமா இருக்குப்பா. நீங்க தங்கறதுக்கு என் மாமனார் அவரோட அறையையே ஒழிச்சுக் குடுத்துட்டார்."

"தங்கமான மனுஷன்," என்றார் எச்சரிக்கை. "நான் எவ்வளவு பேசினாலும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டார். வரேம்மா. நிச்சயமா வரேன்."

போனை வைத்ததும், "நாற்பத்தாறு போனா மிச்சம் ஒண்ணு இருக்கணுமே?" என்றார்.

இருந்தது. புனைபெயர், 'நிம்மதி.' இருபத்திரண்டு எச்சரிக்கைகளுக்கும் சேர்த்து ஒரே வரியில் பதில் அனுப்பியிருந்தார்: 'பரவாயில்லை. இதெல்லாம் எனக்குப் பழக்கம்தான்.'

"கடவுளே, நீ நல்லா இருப்பே!" என்று மனைவி சட்டைகளைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

ஆனால் எச்சரிக்கை சும்மா இருப்பாரா? இருபத்திரண்டுக்கும் பயப்படாத ஒரு மனுஷன் உலகத்தில் உண்டா? யோசனை கேட்க, எதிர் வீட்டிலிருந்த ஓய்வுபெற்ற போலீஸ்காரரைக் கூட்டிவந்தார். அவருக்கு வேலையிலிருந்து ஓய்வு கிடைத்ததே தவிர சந்தேகத்திலிருந்து கிடைக்கவில்லை.

"எல்லாத்துக்கும் தலையாட்டறவனைத்தான் சார் நம்பவே கூடாது," என்றார் அவர். "விசாரிங்க. நோண்டி நோண்டிக் கேளுங்க."

எச்சரிக்கை நோண்டினார். 'எங்கள் வீட்டுக்கு வர ஏன் இவ்வளவு ஆர்வம்?'

'உங்க தேதிதான் எனக்குச் சரியா வருது. அந்த மூணு வாரம் என் வீட்டுல நான் இருக்க முடியாது,' என்று நிம்மதி எழுதினார்.

'ஏன்?'

'ஒருத்தர் வரார்.'

'யார்?'

'குடும்ப விஷயம். சொல்ற நிலைமையில நான் இல்ல.'

'ஆபத்தான ஆளா?'

பதில் வர வெகுநேரம் ஆயிற்று. மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

'போன தடவை அவர் வந்தப்ப எனக்குத் தூக்கம் போச்சு, பசி போச்சு. மாடிப்படி இறங்கவே நடுங்குச்சு. எனக்கு வயசாயிடுச்சு. இன்னொரு தடவை தாங்கமாட்டேன்.'

எச்சரிக்கைக்கு ரத்தம் கொதித்தது. "வயசான மனுஷனை அவர் வீட்டை விட்டே ஓட வைக்கிறான்னா, அவன் எப்பேர்ப்பட்ட படுபாவியா இருப்பான்! இவனையெல்லாம் நடுத்தெருவுல நிக்க வைக்கணும்!"

"பாவம்ங்க. வரச்சொல்லிடுங்க," என்றாள் மனைவி. அவள் கண் கலங்கியிருந்தது.

போலீஸ்காரர் மட்டும் தாடையைச் சொறிந்தார். "வரச்சொல்றது சரி. அந்தப் படுபாவி இவரைத் துரத்திக்கிட்டு இங்க வந்தா?"

அதை யாரும் யோசிக்கவில்லை. கதவை உடைப்பது, சாமான்களை நொறுக்குவது, நாற்காலியில் மேனேஜர் பிணமாகக் கிடப்பது எல்லாம் எச்சரிக்கையின் கண் முன்னால் வரிசையாக ஓடின. வேண்டாம் என்று எழுதப் போனார். எழுதினால் நிம்மதியும் புகார் கொடுப்பார், விளம்பரம் போய்விடும், பேரக் குழந்தையையும் மூன்று நாள் கழித்துத்தான் பார்க்க வேண்டும், அதுவும் கைப்பேசியில். விரல் அந்தரத்தில் நின்றது.

கடைசியில், 'அந்த ஆள் உங்களைத் தேடி இங்கே வந்துவிட மாட்டாரே?' என்று மட்டும் கேட்டார்.

'வரவே மாட்டார். அதுக்கு நான் உத்தரவாதம்,' என்று உடனே பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை முகவரியை அனுப்பினார்கள். நிம்மதி வெளியூரிலிருந்து வந்து நாலு மணிக்கு இறங்குவதாக ஏற்பாடு. ஆறு மணிக்கு ரயில்.

மூன்றரைக்கே வீட்டில் ஆளாளுக்கு இடம் பிரித்தாயிற்று. போலீஸ்காரர் தரை துடைக்கும் கட்டையோடு சமையலறைக் கதவுக்குப் பின்னால். மச்சான் ஜன்னல் ஓரத்தில். மனைவி இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் கைப்பையை இறுக்கிக்கொண்டு. எச்சரிக்கை வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்ததில் மேனேஜருக்கே தலை சுற்றியிருக்கும்.

"மாமா, ஒருத்தர் வரார்!" என்று மச்சான் கிசுகிசுத்தான். "தொப்பியை முகம் வரைக்கும் இழுத்து விட்டிருக்கார். பெரிய பெட்டி. தெருவுல முன்னாலயும் பின்னாலயும் பார்த்துக்கிட்டே வரார்."

மணி அடித்தது. எச்சரிக்கை கதவைத் திறந்தார்.

வாசலில் மாப்பிள்ளையின் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"சம்பந்தி! என்ன ஆச்சு? பொண்ணுக்கு ஏதாவது..."

"ஒண்ணும் ஆகலை, ஒண்ணும் ஆகலை. நல்லா இருக்கா," என்றார் சம்பந்தி. அவர் முகத்தில்தான் ஈயாடவில்லை. கையில் இருந்த சீட்டைப் பார்த்தார், கதவு எண்ணைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். "இது... உங்க வீடா? நீங்க அந்தப் பழைய வீட்டுலதானே..."

"மாறி எட்டு மாசம் ஆச்சே! முதல்ல உள்ள வாங்க, வாசல்ல நிக்காதீங்க. படி, படி! மூணாவது படி ஒரு விரல் உயரம் ஜாஸ்தி. தொப்பியைக் கழட்டிடுங்க, பக்கவாட்டுல கண் தெரியாது. ஐயையோ, அந்த நாற்காலி வேண்டாம், கடிக்கும். இதுல உக்காருங்க. முழுசாச் சாயாதீங்க, பின்கால் ஆடும்."

சம்பந்தி பாதி உட்கார்ந்த நிலையில் அப்படியே நின்றுவிட்டார்.

"நல்ல சமயத்துல வந்தீங்க," என்று எச்சரிக்கை குரலைத் தாழ்த்தினார். "இப்ப இங்க ஒரு பெரியவர் வரப்போறார். எவனோ ஒரு படுபாவிக்குப் பயந்து, சொந்த வீட்டை விட்டு ஓடி வரார், பாவம். தண்ணி குடிங்க. மெதுவா! பயணம் பண்ணி வந்த உடனே குடிச்சா புரையேறும், ரெண்டு ரெண்டு வாயா..."

மனைவி சம்பந்தியின் கையில் இருந்த சீட்டை எட்டிப் பார்த்தாள். காலையில் அவள் அனுப்பிய முகவரி, எழுத்துக்கு எழுத்து. மாத்திரை டப்பாவையும் சாவிக்கொத்தையும் எடுத்து சம்பந்தியின் மடியில் வைத்துவிட்டு, தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

"வண்டியைக் கூப்பிடுடா," என்றாள் தம்பியிடம். "நாம எதிர்பார்த்த ஆள் வந்தாச்சு."

எச்சரிக்கை சாவியைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். "நிம்மதி... நீங்களா சம்பந்தி? உங்க வீட்டுலயா இந்த அநியாயம்? நம்ம பொண்ணு இருக்கிற வீட்டுலயா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? யார் அவன்? அவன் இந்த ஊருக்கு வரவே மாட்டான்னு எந்த தைரியத்துல எழுதுனீங்க?"

சமையலறைக் கதவு திறந்தது. போலீஸ்காரர் கட்டையோடு வந்து நின்றார். சம்பந்தி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தம்ளரைக் கீழே வைத்தார்.

"மூணு வாரத்துக்கு நீங்க இருக்கமாட்டீங்கன்னு எனக்கு உறுதியாத் தெரிஞ்சது இந்த ஒரு ஊருதானே, சம்பந்தி."