போகும்போது கேட்கக் கூடாத கேள்வி

சேசு மரி சூசை துணை

அக்காள்மடம்,
3-2-1958, திங்கள்

நோயாளிப் பிள்ளைகள் சகாய சபையின் காரியதரிசியும் என் அக்காள் மகனுமாகிய கில்பர்ட்டுக்கு, தாய்மாமன் சவேரியார் ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் நானும் என் மூட்டுவலியும் சுகம். உன் சுகமும் ஜோதிமேரி சுகமும் அறிய ஆவல்.

நிற்க. சபையிலிருந்து என் பெயரை இன்றோடு அடித்துவிடவும். "சும்மாதானே இருக்கீங்க மாமா, ஞாயித்துக்கிழமை ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு பிள்ளைகிட்ட உக்காந்து பேசிட்டுப் போங்க" என்று நீதான் இழுத்துவிட்டாய். பேசுவது சுலபம். எழுந்து வருவதுதான் பெரும்பாடாக இருக்கிறது.

நீ எனக்குக் கொடுத்த பிள்ளை அபிராமத்து முத்தழகு. ஒன்பது வயதுப் பெண். இடுப்பெலும்பில் காசநோய் என்று ஏழு மாதமாக மாவுக்கட்டோடு படுத்திருக்கிறது. கடலைப் பார்த்ததே இல்லையாம். முதல் ஞாயிறு சுறா கதை சொன்னேன். நாலு மணி அடித்ததும் துண்டை உதறிக்கொண்டு எழுந்தேன். அந்தப் பிள்ளை, "எங்க போறீங்க தாத்தா?" என்றது. நாற்பது வருஷம் கடலுக்குப் போனவன் நான். கிளம்பும்போது அந்தக் கேள்வி காதில் விழுந்தால் திரும்ப உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போவேன். உட்கார்ந்தேன். என் புத்தி போன போக்கு, ஏன் உட்கார்ந்தேன் என்று விளக்கமும் சொன்னேன். "எங்க அய்யாவும் அப்படித்தான்" என்று தகப்பனைச் சொன்னது. விவரமான பிள்ளை, இனிமேல் கேட்காது என்று நம்பி வந்தேன்.

அடுத்த ஞாயிறு எழுந்தேன். "எங்க போறீங்க?" உட்கார்ந்து, ஒரு செம்பு குடித்து, எழுந்தேன். "எங்க போறீங்க?" இப்படி மூன்று செம்பு. வயிறு தளும்ப ஸ்டேஷனுக்கு ஓடினால், பாம்பன் ரயில் கடைசிப் பெட்டியைக் காட்டிக்கொண்டு போகிறது. உன் வீட்டில் வந்து சாப்பிட்டேன். நேற்றும் ரயிலை விட்டுவிட்டு வந்தேன்; நான் வாய் திறக்குமுன்பே ஜோதிமேரி இலை போட்டுவிட்டாள். நர்ஸ் யாகப்பம்மாள் வேறு, "பெரியவரே, வார்டுலயே குடியிருக்கப் பாக்குறீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்கிறாள். சத்தமில்லாமல் நழுவலாம் என்று செருப்பைக் கையில் எடுத்தால், எட்டுக் கட்டில் பிள்ளைகளும் சேர்ந்து கேட்கின்றன. அதற்கு எட்டுத் தடவை உட்கார வேண்டுமா, ஒரு தடவை போதுமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டேன். அவர் சிரிக்கிறார்.

நேற்று கோபமாகவே கேட்டுவிட்டேன். "ஏத்தா, தெரிஞ்சுக்கிட்டே கேக்குறியே, ஏன்?"

"கதிரறுப்பு முடிஞ்சு வாரேன்னு அய்யா கிளம்புனாரு தாத்தா. சகுனம்னு நான் கேக்காம இருந்துட்டேன். கேட்டிருந்தா இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருப்பாரு" என்றது.

மாப்பிள்ளை, எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. உன் அத்தை மிக்கேலம்மாள் ஒருநாளும் கேட்டதில்லை. பேசாமல் வாசலில் நிற்பாள். அவள் போன பிறகு, நான் எங்கே போகிறேன் என்று கேட்க ஆளே கிடையாது. இந்தப் பிள்ளை கேட்கிறது. திங்கள்கிழமையிலிருந்து ஞாயிறு எப்போது வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இந்த வயதில் இந்த ஏக்கம் எனக்கு ஆகாது. சகுனம் பார்க்காத வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

உனக்கும் ஜோதிமேரிக்கும் அவள் வயிற்றில் இருக்கும் என் பேரப்பிள்ளைக்கும் அந்தோணியார் காவல் இருப்பாராக.

இப்படிக்கு,
கோபம் தணியாத மாமன்,
ம. சவேரியார்

பி.கு.: இதை உன் கையில் கொடுக்கலாம் என்று இன்று புதன்கிழமை ராமநாதபுரம் வந்தேன். போகிற வழியில் வார்டில் தலையைக் காட்டினேன். அறுவைச் சிகிச்சைக்காக முத்தழகை மதியம் ரயிலில் மதுரைக்குக் கொண்டுபோகிறார்களாம். அவள் அய்யா மருதுபாண்டியும் வந்திருக்கிறார். நான் போனபோது பிள்ளையை ஸ்ட்ரெச்சரில் தூக்கிவிட்டார்கள். அது என்னைப் பார்த்தது. ஆயுளில் யாரையும் கேட்காத நான் கேட்டுவிட்டேன், "எங்க போறே தாயி?" என்று.

"இறக்குங்க, தண்ணி குடிக்கணும்" என்றது பிள்ளை. மருதுபாண்டியும், "இறக்குங்கய்யா" என்றார். ரயில் போய்விட்டது. அறுவை வெள்ளிக்கிழமைதான் என்பதால் யாகப்பம்மாள் என்னை உயிரோடு விட்டாள். சாயங்கால ரயிலுக்கு மூன்று டிக்கெட் எடுத்தாயிற்று, ஒன்று எனக்கு. என் பெயரை அடிக்க வேண்டாம். ஆஸ்பத்திரி ஆளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். வழியனுப்ப வருவாய் என்று தெரியும். வந்தால் வாயை மட்டும் மூடிக்கொண்டு நில்.